அஞ்சு வருஷக் கணக்கு

போன வாரம் குச்சிக்கிழங்குக் காட்டுல களை வெட்டிட்டு வந்து வாசல்ல உட்கார்ந்திருந்தேன். கனடாவுல இருக்கிற தங்கச்சி மகன் போன்ல கூப்பிட்டான்.

"மாமா, நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கணுங்க."

"எதுக்கு மாப்ள?"

"நானும் அவளும் புருஷன் பொண்டாட்டிதான்னு."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வைகாசியில ராசிபுரத்துல மண்டபம் நிறையக் கூட்டம் வெச்சு நடந்த கல்யாணம். பந்தியில சாம்பார் வாளி தூக்கினவன் நான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

"அதெல்லாம் அவங்களுக்குத் தெரியாதில்லீங்க மாமா" என்றான். அவன் அங்கே நிரந்தரக் குடியுரிமை வாங்கியவன். பொண்டாட்டியைக் கூட்டிப்போக 'ஸ்பான்சர்' பண்ணியிருக்கிறான். எப்படிப் பழக்கம், நிச்சயத்துக்கு யார் யார் வந்தாங்க, பிரிஞ்சு இருக்கும்போது எப்படிப் பேசிக்கிறீங்க என்று கேள்வி மேல் கேள்வியாம். போட்டோ, விமான டிக்கெட், வாட்ஸப்பில் பேசினது எல்லாம் பக்கம் பக்கமாக அச்செடுத்துக் கட்டியிருக்கிறான். வந்தபிறகு மூணு வருஷத்துக்கு அவளுடைய செலவு என் பொறுப்பு என்று கையெழுத்தும் போடணுமாம். அதோடு சேர்த்து வைக்கத்தான் குடும்பத்துப் பெரியவர் ஒருத்தர் எழுதின கடிதம்.

சரி மாப்ள, எழுதறேன் என்று வைத்துவிட்டேன். ராத்திரி எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. மேல் பரணில் இருக்கிற அப்பத்தாவின் தகரப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வி இரண்டாவது தடவையாக வருகிறது. முதல் தடவை வந்தபோது அப்பத்தா தோற்றுப்போனாள். அந்தக் கதையை இன்றைக்குச் சொல்கிறேன்.

அப்பாருக்கும் அப்பத்தாவுக்கும் 1936-ல் கல்யாணம். எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில். அப்போது இதெல்லாம் சேலம் ஜில்லா. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-ல்தான். மானாவாரி பூமி. மழை பெய்தால் சோளம், கம்பு, நிலக்கடலை. பெய்யாவிட்டால் கடன். தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1871 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் இருந்த சேலம் ஜில்லாவில் 1881-ல் 16 லட்சம் பேர்தான் இருந்தார்கள். செத்தவர்கள் போக, ஊரை விட்டுப் போனவர்களும் ஏராளம். இலங்கைத் தேயிலைக்கும் மலாயா ரப்பருக்கும் ஆள் அனுப்பிய ஜில்லாக்களில் திருச்சி, தஞ்சாவூர், வடஆற்காட்டோடு சேலமும் உண்டு.

ஆள் பிடிக்க வருபவர் கங்காணி. வேற்றாள் இல்லை, நம் ஊர்க்காரரேதான். தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டு இருப்பவரை, லைசென்ஸ் கொடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, சொந்தக்காரன், பங்காளி, பக்கத்து ஊர்க்காரன் என்று கூட்டிப் போவார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. 1907 வாக்கில் தோட்டக்காரர்கள் எல்லாரும் பணம் போட்டு ஒரு பொது நிதி வைத்தார்கள். கப்பல் செலவு அதிலிருந்து போயிற்று. நாகப்பட்டினத்திலும் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியிலும் முகாம். அங்கே டாக்டர் பார்த்து, கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்புவார்கள்.

இந்த ஏற்பாட்டில் பொண்டாட்டிக்கு என்ன இடம்? 1922-ல் வந்த இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்கு அடுத்த வருஷம் விதிகள் போட்டார்கள். அதில் ஒன்று, போகிற கூலியாட்களில் மனைவி இல்லாமல் போகிற ஆம்பளை அஞ்சில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது. நல்ல விதிதான். ஆனால் மலாயாத் தோட்டக்காரர்கள் அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டார்கள். 1931 கணக்கெடுப்பின்போதும் மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு ஐந்நூறு இந்தியப் பெண்கள் கூட இல்லை. மிச்சப் பொண்டாட்டிமார் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால், எங்கள் அப்பத்தா மாதிரி நம் ஊர்க் காட்டில் களை வெட்டிக்கொண்டு இருந்தார்கள்.

அப்பாரு போனது 1938 மாசியில். மூணு ஏக்கர் பூமி அடமானத்தில் இருந்தது. அதை மீட்கத்தான் போனார். நாமக்கல்லுக்கு ரயில் வந்ததே 2013-ல்தானே, அன்றைக்குக் கரூர் வரைக்கும் மாட்டு வண்டி, அங்கிருந்து ரயில். "ரெண்டு வருஷம், அதுக்குள்ள வந்துருவேன்"னு சொன்னாராம். அவர் போன நாலாவது மாசம், 1938 ஜூன் 15-ஆம் தேதி, மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதையே இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. அங்கே கூலியைக் குறைத்ததுதான் காரணம். நாலு மாசம் தள்ளியிருந்தால் அப்பாரு போயே இருக்கமாட்டார். அப்பத்தா இதைச் சொல்லும்போது கோபமாகச் சொல்லமாட்டாள். மழை ஒரு வாரம் தள்ளிப் பெய்ததைச் சொல்வது போலத்தான் சொல்லுவாள்.

அப்புறம் ஜப்பான் சண்டை. 1941 டிசம்பரிலிருந்து 1945 வரைக்கும் கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை. சயாம் - பர்மா ரயில் பாதை போடப் பல்லாயிரம் தமிழாட்களைத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோய், அதில் பெரும்பகுதி திரும்பவே இல்லை. இந்தச் சேதி ஊருக்கு வந்துசேர்ந்தபோது, அப்பத்தாவிடம் தாலியைக் கழற்றிவிடச் சொன்னவர்களும் உண்டாம். "அவுரு செத்தாருன்னு எழுத்து வரட்டும், அப்பக் கழட்டறேன்"னு சொல்லிட்டாளாம். எழுத்து வரவில்லை. 1947-ல் ஆளே வந்துவிட்டார். எலும்பும் தோலுமாக.

இரண்டு வருஷம் ஊரில் இருந்தார். 1948-ல் எங்கள் அப்பா பிறந்தார். அடமானம் இன்னும் பாதி நின்றது. 1949-ல் மறுபடி கப்பலேறினார். அப்போதே ஏன் பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிப் போகவில்லை என்று நான் கேட்டிருக்கிறேன். மலாயாவில் அப்போது கம்யூனிஸ்டுகளோடு சண்டை, அவசரநிலை. 1948-ல் ஆரம்பித்து 1960 வரை நடந்தது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, ராத்திரி ஊரடங்கு. அங்கே கைக்குழந்தையோடு எப்படிப் போவது? இங்கேயோ, பாரிச வாயு வந்து படுத்துவிட்ட மாமியார்.

1953 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மலாயாவில் புதுக் குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரைக்கும் டிக்கெட் எடுத்தவன் போய் இறங்கலாம் என்றிருந்தது. அதற்கு மேல் படித்த, தொழில் தெரிந்த ஆட்களுக்குத்தான் கதவு திறக்கும். கூலிக்காரனுக்கு மூடியாச்சு. ஆனால் அங்கேயே குடியிருப்பவன் தன் பொண்டாட்டி பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். இப்போது என் மாப்பிள்ளை செய்கிற 'ஸ்பான்சர்' வேலையேதான், பேர்தான் வேறே.

1954 தையில் அப்பாரு, திரும்பி வர அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். அப்பத்தாவைக் கூட்டிப் போகத்தான் வந்தார். கிழவிக்கு வாயில் கஞ்சி ஊற்ற ஆளில்லை. அந்த வருஷம்தான் கிணறு வேறு வெட்ட ஆரம்பித்திருந்தார்கள், அவர் அனுப்பின காசில். பாறை வந்துவிட்டது. "ஆத்தா கண்ணை மூடட்டும், கெணத்துல தண்ணி வரட்டும், அப்புறம் நான் வர்றனுங்க"ன்னு அப்பத்தா சொல்லியிருக்கிறாள். அவரும் சரி என்று ஆனியில் கப்பலேறிவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

அந்தச் சமயத்தில் மலாயா சுதந்திர நாடாகிறது, 1957 ஆகஸ்ட் 31. 1959-ல் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1954 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து அஞ்சு வருஷம் கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவி உள்ளே வர முடியாது. ஆறு வயசுக்கு மேற்பட்ட பிள்ளையும் வர முடியாது.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 1954 டிசம்பரிலிருந்து 1959 டிசம்பர் வரை அஞ்சு வருஷம். அப்பத்தா அந்த அஞ்சு வருஷமும் மாமியாருக்கு மலம் அள்ளிப் போட்டுக்கொண்டு, கிணற்று மண் சுமந்துகொண்டு இருந்தாள். எங்கள் அப்பாவுக்கு அப்போது பதினொரு வயசு. 1960 புரட்டாசியில் கிழவி கண்ணை மூடினாள். காரியம் முடிந்ததும், ஊர் வாத்தியாரைக் கூப்பிட்டு அப்பத்தா கடிதம் எழுதச் சொன்னாள்: இனி நான் வரலாம், ஏற்பாடு பண்ணுங்க என்று.

அதற்கு வந்த பதில் அந்தத் தகரப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. நீல நிற விமானத் தபால் தாள். அப்பாருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி எழுத வரும். சட்டம் இப்படி வந்துவிட்டது, நீ பிரிந்திருந்தவள் என்று கணக்கில் வருகிறாய், கிராணியைக் கேட்டேன், இனி முடியாது என்கிறார் என்று நாலே வரி. கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. கடைசியில், கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று கேட்டிருக்கிறார்.

அந்த நாட்டின் பக்கத்து நியாயமும் எனக்குப் புரியாமல் இல்லை. இருக்கிற வேலை இங்கே இருக்கிறவனுக்கு வேண்டும், ஒரு காலை இந்தியாவில் வைத்துக்கொண்டு இன்னொரு காலை இங்கே வைக்காதே, மனசு முழுக்க இந்த நாட்டில் இருக்கட்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். புதுசாகச் சுதந்திரம் வாங்கிய நாடு அப்படித்தான் நினைக்கும். பொண்டாட்டியை ஊரில் மறந்துவிட்டு அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர்களும் நிறைய உண்டு. எங்கள் அப்பாருக்கு அப்படி உண்டா என்று அப்பத்தா கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இது மலாயாவில் மட்டும் நடந்ததில்லை. இலங்கையைப் பாருங்கள். 1949-ல் இந்தியர், பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். கல்யாணமானவன் ஏழு வருஷம் அங்கே குடியிருந்ததாக நிரூபிக்கணும். அவன் இருந்தால் மட்டும் போதாது, பொண்டாட்டியும் இடைவிடாமல் இலங்கையிலேயே இருந்திருக்கணும். பிரசவத்துக்கு ஊருக்கு வந்தவள், காடு பார்க்க வந்தவள் எல்லாம் அங்கே ஒரு சிக்கல் ஆகிப்போனாள். சுமார் எட்டு லட்சம் பேருக்கு விண்ணப்பம் போட்டதில், கிடைத்தது சுமார் 1.34 லட்சம் பேருக்கு.

அதற்கும் முன்னால் தென்னாப்பிரிக்கா. 1913 மார்ச் 14-ஆம் தேதி கேப் மாகாண நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். பல தாரத்தை அனுமதிக்கிற மதமுறைப்படி கல்யாணம் செய்தவளை, குடியேற்றச் சட்டப்படி மனைவி என்று ஏற்க முடியாது என்று. வந்தது ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கு. அடி விழுந்தது இந்து, முஸ்லிம் எல்லாப் பெண்கள் மேலும். நேற்று வரை பொண்டாட்டியாக இருந்தவள் ஒரே நாளில் யாரோ ஆகிவிட்டாள். அதுவரை வீட்டுக்குள் இருந்த பெண்கள் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் இறங்கியதற்கு மூணு பவுன் தலைவரியோடு இந்தத் தீர்ப்பும் காரணம். டிரான்ஸ்வாலிலிருந்து போன தமிழ்ப் பெண்கள்தான் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்த் தொழிலாளிகளை வேலைநிறுத்தம் செய்ய வைத்தார்கள். ஜெயிலுக்குப் போய்க் காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் உயிரை விட்ட தில்லையாடி வள்ளியம்மைக்கு 16 வயசு. அந்த வருஷமே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்து, ஒரு மனைவியின் கல்யாணம் செல்லும் என்று ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது என் மாப்பிள்ளை இருக்கிற கனடாவும் சளைத்ததில்லை. பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் ஒரே பயணமாக வந்தால்தான் இறங்கலாம் என்று 1908-ல் விதி போட்டார்கள். இந்தியாவிலிருந்து நேராகப் போக அப்போது கப்பல் வழியே கிடையாது. அங்கே மர அறுவை மில்லில் இருந்த பஞ்சாபிகள் பத்துப் பன்னிரண்டு வருஷம் பொண்டாட்டி முகம் பார்க்காமல் கிடந்தார்கள். 1919-ல்தான் மனைவியையும் 18 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளையும் கூட்டிவர வழிவிட்டார்கள். இன்றைக்கு அதே நாடு, போட்டோவும் கடிதமும் கொடு, பார்த்துச் சொல்கிறேன் என்கிறது. நூறு வருஷத்தில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சந்தோஷப்படலாம். இங்கிலாந்தில் 2024 மார்ச்சிலிருந்து, முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ கூட்டிவர முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். அதனால் ரொம்பவும் சந்தோஷப்படவேண்டாம்.

அப்பாரு கதையை முடித்துவிடுகிறேன். அவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கவில்லை, குடியுரிமை இல்லாதவருக்குக் கொடுக்கிற சிவப்பு அடையாள அட்டைதான். 1969 மே 13 கலவரத்துக்கு அப்புறம், குடியுரிமை இல்லாதவன் வேலை செய்ய பர்மிட் வேண்டும் என்றார்கள். பர்மிட் கிடைக்காமல் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். அப்பாருவும் 1970-ல் ரஜூலா கப்பலில் வந்து சேர்ந்தார். கல்யாணமாகி 34 வருஷம். அதில் இரண்டு பேரும் ஒரே கூரையடியில் இருந்தது, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அஞ்சு வருஷத்துக்குள்தான் வரும். சட்டத்தின் அஞ்சு வருஷம் ஒன்று, இவர்களுக்குக் கிடைத்த அஞ்சு வருஷம் ஒன்று.

வந்ததும் முதல் வேலையாகக் கிணற்றை எட்டிப் பார்த்தாராம். அவர் காசு, அப்பத்தா சுமந்த மண். அந்த நாலு பக்கக் கல்கட்டும் அவர் ஊரில் இல்லாதபோது எழும்பினது. அதற்கப்புறம் எட்டு வருஷம் இருந்தார். எனக்கு ஞாபகம் இருக்கிற அப்பாரு, திண்ணையில் உட்கார்ந்து, விடிகாலை மூணு மணிக்கே எழுந்துகொள்கிற ஆள். பால் மரம் வெட்டுகிறவர்களுக்கு அது விடாத பழக்கம். அப்பத்தாவும் எழுந்து அவருக்குக் கருப்பட்டிக் காப்பி வைப்பாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். ஆனால் சேர்ந்துதான் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் இன்றைக்குக் குச்சிக்கிழங்கு போட்டிருக்கிறது அந்த மூணு ஏக்கரில்தான். அந்தக் கிணறு வற்றி, போர்வெல் போட்டு, அதுவும் 900 அடிக்குப் போய்விட்டது, அது வேறு கதை. நான் சொல்ல வந்தது இதுதான். ஒருத்தர் கடல் தாண்டிச் சம்பாதித்து அனுப்ப, இன்னொருத்தர் ஊரில் இருந்து காட்டையும் கிழவியையும் பிள்ளையையும் காப்பாற்ற, இரண்டு பேரும் சேர்ந்து நடத்தின குடித்தனம் அது. அந்தக் குடித்தனம் நிற்கவேண்டும் என்றுதான் பிரிந்து இருந்தார்கள். சட்டம் அதைப் பார்த்து, இவர்கள் பிரிந்து வாழ்ந்தவர்கள் என்று எழுதிவிட்டது. அப்பத்தா அந்த அஞ்சு வருஷமும் கேவுறு அரைத்ததையும் மண் சுமந்ததையும் எழுதிக்கொள்ள எந்தப் பாரத்திலும் கட்டம் இல்லை.

பட்டணத்தில் இருக்கிற உங்களுக்கு இரண்டு வார்த்தை. கல்யாணம் முடிந்த கையோடு பதிவு பண்ணிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதியவேண்டும், தாண்டினால் அபராதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. மண்டபம் நிறையச் சனம் பார்த்தது கடலுக்கு அந்தப் பக்கம் செல்லாது. இன்னொன்று, உங்கள் வீட்டுப் பரணில் மலாயாக் கடிதமோ இலங்கைக் கடிதமோ கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு தடவை உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதிவிட்டேன். மருமகள் அவனுக்காக இங்கே காத்திருக்கிறாள், அவனுடைய அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வருகிறாள், போன மாசம் கடலை பிடுங்க எங்கள் காட்டுக்கும் வந்தாள், ராத்திரி எட்டரை மணிக்கு அவன் போன் வரும் வரைக்கும் சாப்பிடமாட்டாள் என்று எழுதினேன். அது மனைவி என்பதற்குச் சாட்சி ஆகுமா என்று தெரியவில்லை. அவர்கள் கேட்கிற இங்கிலீஷில் பக்கத்து வீட்டுக் காலேஜ் பையன் மாற்றிக் கொடுத்தான். கீழே என் கையெழுத்து. அப்பத்தாவுக்குக் கிடைக்காத கடிதத்தை இந்தப் பிள்ளைக்காவது எழுதிக் கொடுத்தோம் என்று இருக்கிறது.

பதில் வர ஒரு வருஷம் ஆகலாமாம். வந்ததும் சொல்கிறேன்.